கல் கல்தானே? – டிங்கினேஷ் பற்றி ஒரு விவாத இழை

கேள்வி – 30 அக்டோபர் 2023

நாசாவின் லூசி விண்கலம் நாளை மறுநாள் டிங்கினேஷ் என்ற சிறுகோளைக் கடந்து போகிறது என்று செய்தியில் படித்தேன். முக்கியச் சிறுகோள் பட்டையில் இருக்கும் கல் வகைச் சிறுகோளாம். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் ஊர்க் கரடே அதைவிடப் பெரியது. லட்சக்கணக்கான கற்கள் சுற்றும் இடத்தில் ஒரு கல்லைப் படம் பிடித்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள்? கல் கல்தானே? அந்த நெரிசலில் மோதாமல் தப்பிப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயா, நீங்கள் கல் குவாரியில் இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன்.

30 அக்டோபர் 2023, இரவு

தம்பி, அங்கே நெரிசலே கிடையாது. முதலில் அதை மனத்திலிருந்து எடுத்துவிடு. பட்டையில் இருக்கும் எல்லாக் கற்களையும் ஒரே உருண்டையாகத் திரட்டினாலும் நம் நிலாவின் நிறையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் தேறும். அதைச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள அவ்வளவு பெரிய இடத்தில் இறைத்திருக்கிறது. எந்த விண்கலமும் அதில் வளைந்து நெளிந்து போனதில்லை. வழியில் ஒரு கல்லாவது அகப்படாதா என்று தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. நீஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த ரஃபேல் மார்ஷல் ஐந்து லட்சம் சிறுகோள்களின் பாதைகளை அலசியபோது அகப்பட்டதுதான் இந்த ஒன்று. பாதையை மாற்றாமல் விட்டிருந்தால் லூசி 64,000 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இந்த மே மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, சுமார் 425 கிலோமீட்டர் அருகில் கடக்கும்படி செய்திருக்கிறார்கள்.

எதற்கு? ஒத்திகைக்கு. லூசியின் உண்மையான வேலை வியாழனின் பாதையில் சுற்றும் டிரோஜன் சிறுகோள்கள். முதலாவதை 2027 ஆகஸ்டில்தான் எட்டும். நொடிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கல்லைத் தாண்டும்போது கேமராவை அதன் மேலேயே நிறுத்திவைக்க வேண்டும். பூமியிலிருந்து கட்டளை அனுப்பிச் செய்ய முடியாது. விண்கலமே பார்த்துப் பார்த்துத் தலையைத் திருப்ப வேண்டும். அதைச் சோதிக்க ஒரு சின்னக் கல் தேவைப்பட்டது.

"கல் கல்தானே" என்றாயே, அதற்குத் தனியாக எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் ஜல்லி கிரஷரில் இருந்த என்னை அந்த வரி தூங்கவிடாது.

31 அக்டோபர் 2023

எழுதுகிறேன் என்று சொன்னது.

கோயில் வேலைக்குக் கல் எடுக்க வரும் சிற்பிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். வெண்கலம் போல நாதம் வந்தால் ஒரு கணக்கு, பொத்தென்று கேட்டால் வேறு கணக்கு. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று தடவிப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே கருங்கல்தான். உள்ளே விரிசல் இருக்கிறதா, மண் ஏறியிருக்கிறதா, ஒரே பாளமா என்பதைக் கல்லின் முகம் சொல்லாது, குரல்தான் சொல்லும். ஒரே குவாரியில், பத்தடி தூரத்தில், இரண்டு வேறு கற்கள் இருக்கும்.

சிறுகோளைத் தட்டிப் பார்க்க முடியாது. அப்படியானால் அது ஒரே பாறையா, உடைந்த கற்கள் ஒன்றுசேர்ந்து நிற்கும் குவியலா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? டிங்கினேஷில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாய். இதுதான் இருக்கிறது.

என் எண்ணம்: குவியல்தான். 2020 அக்டோபரில் பென்னு சிறுகோளிலிருந்து மாதிரி எடுக்கப் போன விண்கலத்தின் கை, தரையே இல்லாததுபோல் அரை மீட்டர் உள்ளே இறங்கிவிட்டது. நம் கிரஷர் முற்றத்தில் புதிதாகக் கொட்டிய பொடியில் கால் வைத்தால் முழங்கால் வரை போகுமே, அப்படி. பென்னு கரி வகை, டிங்கினேஷ் கல் வகை என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவில் உள்ளவை எல்லாம் மோதி உடைந்து மறுபடி சேர்ந்தவை என்றே நினைக்கிறேன். ஒட்டும் பசை எதுவும் இல்லாத வெறும் ஜல்லிக் குவியல்.

1 நவம்பர் 2023, இரவு 10.40

நம் நேரப்படி 10.24க்குக் கடந்திருக்கும். மொட்டை மாடியில் நிற்கிறேன். இங்கிருந்து எதுவும் தெரியாது என்று தெரிந்தும் நிற்கிறேன்.

3 நவம்பர் 2023

நிலா இருக்கிறது! படம் வந்துவிட்டது. பெரிய கல்லின் விளிம்பில் இன்னொரு சின்னக் கல் எட்டிப் பார்க்கிறது. இது இரட்டையாக இருக்குமோ என்று லூசிக் குழுவினருக்குச் சில வாரங்களாகவே ஒரு சந்தேகம் இருந்ததாம், வெளிச்சம் கூடிக் குறைந்த விதத்தை வைத்து. பெரியது அதிகபட்ச அகலத்தில் 790 மீட்டர், சின்னது 220 மீட்டர் என்று முதல் மதிப்பீடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார். நடுவில், இடுப்பு ஒட்டியாணம் போல, ஒரு மேடு சுற்றி ஓடுகிறது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நீளப் பள்ளம். கல் கல்தானே என்று இப்போது சொல், பார்க்கலாம்.

3 நவம்பர் 2023, மாலை

1993இல் கலிலியோ விண்கலம் ஐடா என்ற சிறுகோளைக் கடந்தபோதும் இதே கதைதான். அனுப்பிய படங்களை அடுத்த வருடம் பிப்ரவரியில் பிரித்துப் பார்த்தபோது பக்கத்தில் ஒரு துணுக்கு இருந்தது. டாக்டைல் என்று பெயர் வைத்தார்கள். சிறுகோளுக்கும் நிலா உண்டு என்று உறுதியாகத் தெரிந்த முதல் தடவை அது. அதற்கு முன் 1991இல் அதே கலிலியோ காஸ்ப்ராவைக் கடந்ததுதான் ஒரு விண்கலம் சிறுகோளை அருகில் சென்று பார்த்த முதல் நிகழ்வு. இரண்டுமே கல் வகை, இரண்டுமே பட்டையில் உள்ளவை. டிங்கினேஷ் அந்த வரிசையில்தான் வருகிறது, ஆனால் இதுவரை பட்டையில் நேரில் பார்த்தவற்றில் மிகச் சிறியது.

8 நவம்பர் 2023

ஐந்து நாளைக்கு முன் எழுதியதைத் திருத்த வேண்டும். ஒரு நிலாதான், ஆனால் அந்த ஒன்று இரண்டு கற்கள்!

முதல் படம் எடுத்தபோது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, நேர்க்கோட்டில் மறைந்து நின்றிருக்கின்றன. லூசி தாண்டிப் போய் ஆறு நிமிடம் கழித்து, 1,630 கிலோமீட்டர் தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில்தான் உண்மை தெரிகிறது. இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பனங்காய் வண்டிச் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டியதுபோல. தொட்டபடியே நிற்கும் இரட்டை ஒன்று, வேறொரு சிறுகோளுக்கு நிலாவாகச் சுற்றுவதை மனிதர்கள் பார்ப்பது இதுவே முதல் தடவை.

திட்டத்தின் தலைவர் ஹால் லெவிசனே இப்படி ஒன்றை எதிர்பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டு உருண்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதுதான் அவருக்குப் புரியாத இடம். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. ஆறு நிமிடம் பொறுத்துத் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால் "ஒரு நிலா" என்று புத்தகத்தில் ஏறியிருக்கும், நீயும் நானும் அதையே படித்திருப்போம்.

12 நவம்பர் 2023, தீபாவளி

வாசலில் என் மகள் சங்குசக்கரம் விட்டாள். எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது. பொறி எல்லாப் பக்கமும் தெறிக்கவில்லை. சுழலும் தட்டின் மட்டத்திலேயே, விளிம்பிலிருந்து விலகி, ஒரு வட்டமாகத் தெறிக்கிறது. மேலே தூக்கி எறிந்த பொறி ஒன்றுகூட இல்லை.

டிங்கினேஷின் ஒட்டியாணம் அதுதான் தம்பி. ஒரு கல் வேகமாகச் சுழன்றால் அதன் நடுக்கோட்டில் இருக்கும் பொருள்தான் முதலில் கிளம்பும். அப்படிக் கிளம்பியதில் திரும்பி விழுந்தது மேடாகும். விழாமல் சுற்றிக்கொண்டே இருந்தது ஒன்றுசேர்ந்தால் நிலா.

யார் சுழற்றினார்கள் என்றால், வெயில். ஒரு பக்கம் வெயில் படுகிறது, கல் சூடாகிறது, அந்தச் சூட்டை மறுபடி வெளியே விடுகிறது. கல்லின் முகம் கோணல்மாணலாக இருந்தால் வெளியே போகும் சூடு எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளாது. ஓலைக் காற்றாடியின் இதழ் சாய்ந்திருப்பதால்தானே சுற்றுகிறது? அப்படி மிக மிக மெல்லிய ஒரு திருகல். லட்சக்கணக்கான வருடங்களுக்கு விடாமல் திருகினால் கல்லின் சுழற்சி கூடும், அல்லது குறையும். யோர்ப் விளைவு என்று பெயர். கதையில்லை, அளந்திருக்கிறார்கள். பூமிக்குப் பக்கத்தில் வரும் ஒரு சின்னச் சிறுகோளின் சுழற்சி இப்படி வேகம் கூடுவதை 2007இல் உறுதிசெய்து, அந்தக் கல்லுக்கே யோர்ப் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வெயிலில் காயும் கல்லை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். மதியம் இரண்டு மணிக்குக் குவாரித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, இரவு ஒன்பது மணிக்கும் அந்தச் சூடு முகத்தில் அடிக்கும். அந்தச் சூட்டுக்கு ஒரு தள்ளுவிசை உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

13 நவம்பர் 2023

நேற்றுக் கேட்டிருந்தாய்: அங்கே நின்றால் எப்படி இருக்கும்?

கல்லின் அடர்த்தி கருங்கல்லை ஒட்டி இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஈர்ப்பு இங்கே உள்ளதில் ஏறக்குறைய நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆள் அங்கே ஒன்றரை கிராம் எடைதான் காட்டுவான். மார்பு உயரத்திலிருந்து ஒரு கல்லை விட்டால் தரையைத் தொட ஒன்றரை நிமிடம் ஆகும். ஒரு கல்லைக் கையால் லேசாகத் தட்டிவிட்டால், நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட வேண்டாம், திரும்பி வரவே வராது. எனவே டிங்கினேஷில் ஓடாதே.

1 டிசம்பர் 2023

நிலாவுக்குப் பெயர் வைத்தாயிற்று: செலாம். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் அமைதி என்று பொருள்.

பெயர்க்காரணம் முழுதாகச் சொல்கிறேன், அழகாக இருக்கிறது. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, சுமார் 32 லட்சம் வருடப் பழைய எலும்புக்கூட்டை உலகம் லூசி என்கிறது. விண்கலத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. அந்த நாட்டு மக்கள் அவளை டிங்கினேஷ் என்கிறார்கள், "நீ அற்புதமானவள்" என்று பொருள். செலாம் என்பது அதே நாட்டில் டிகிகாவில் கிடைத்த மூன்று வயதுக் குழந்தையின் எலும்புக்கூடு. லூசியின் குழந்தை என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குழந்தை வாழ்ந்தது லூசிக்கும் ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் முந்தி. விண்வெளியில்தான் உறவு சரியாக அமைந்திருக்கிறது: தாயிலிருந்து தெறித்த பொருளில் பிறந்த பிள்ளை.

1999 நவம்பரில் கண்டுபிடித்த நாளிலிருந்து இருபத்து மூன்று வருடம் 1999 விடி57 என்ற எண்ணோடுதான் அது சுற்றிக்கொண்டிருந்தது. லூசி போகப் போகிறது என்றானதும்தான் பெயர் வந்தது.

16 டிசம்பர் 2023

டிங்கினேஷைப் பார்க்க முடியாத ஆதங்கத்தில் வெஸ்டாவைப் பார்த்தேன். சிறுகோள் பட்டையில் இருப்பதிலேயே பளிச்சென்று தெரிவது அதுதான், சாதாரண பைனாகுலர் போதும். பதினொன்றாம் தேதி அமாவாசையை ஒட்டி நல்ல இருட்டு. ஓரியனின் தலைக்கு மேலே, ரிஷபத்தின் கொம்புக்குக் கிழக்கே. அங்கே தெரிந்த புள்ளிகளை எல்லாம் கணக்கு நோட்டில் வரைந்து வைத்தேன். எது வெஸ்டா என்று அன்று நான் குறிக்கவில்லை, வேண்டுமென்றேதான். நேற்று அதே இடத்தில் மறுபடி வரைந்து இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தேன். பதினான்கு புள்ளி பொருந்தியது. ஒன்று மட்டும் மேற்கே நகர்ந்திருந்தது, நிலாவின் அகலம் இரண்டு மடங்கு இருக்கும்.

ஒரு நிமிடம் மூச்சு நின்றது. 525 கிலோமீட்டர் அகலக் கல் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். வெஸ்டாவுக்குள் டிங்கினேஷ் அளவுக் கற்கள் எத்தனை அடங்கும் என்று அதே தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். சுமார் 39 கோடி.

2 ஜூன் 2024

ஐந்தரை மாதம் இங்கே எழுதவில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அக்டோபர் 31இல் நான் எழுதியது தவறு.

நேச்சர் இதழில் லூசிக் குழுவின் ஆய்வு வந்துவிட்டது. டிங்கினேஷின் சராசரி விட்டம் சுமார் 720 மீட்டர் (790 என்பது முதல் மதிப்பீடு, அதை மறந்துவிடு). தன்னைத்தானே சுற்ற 3.74 மணி நேரம். செலாமின் இரண்டு உருண்டைகள் 210, 230 மீட்டர் வாக்கில். 3.1 கிலோமீட்டர் தூரத்தில் 52.7 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒரே முகத்தைத் தாயின் பக்கம் காட்டிக்கொண்டு.

என் தவறு எங்கே என்றால் அந்த நீளப் பள்ளத்தில். படம் வரும் முன்பே பென்னுவை வைத்துக் குவியல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன், படம் வந்தபின்னும் ஒட்டியாண மேட்டை மட்டும்தான் யோசித்தேன். மேடு பள்ளத்துக்கு மேலே ஏறி நிற்கிறது, அதாவது பள்ளம் முந்தியது, மேடு பிந்தியது. அவர்கள் சொல்லும் வரிசை இது: வெயில் திருகத் திருகச் சுழற்சி கூடிக்கொண்டே போனது. கல் தாக்குப்பிடித்தது. ஒரு கட்டத்தில் முடியாமல், ஏறக்குறைய கால்பங்கு ஒரே அடியாகப் பெயர்ந்து நகர்ந்தது. பள்ளம் அந்த நகர்வின் தழும்பு. அப்போது தெறித்ததில் ஒரு பகுதி திரும்பி விழுந்து மேடானது, மீதி செலாமானது.

வெறும் ஜல்லிக் குவியல் இப்படிச் செய்யாது. இதை நான் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கன்வேயரிலிருந்து முக்கால் ஜல்லி விழுந்து கூம்பாகக் குவிவதை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். சரிவு கூடும்போது அது காத்திருக்காது. நாலு கல் உருளும், நிற்கும், மறுபடி நாலு கல் உருளும். சேர்த்துவைத்து ஒருநாள் மொத்தமாகப் பெயராது. மொத்தமாகப் பெயர வேண்டுமென்றால் அதுவரை பிடித்துவைத்திருந்த ஏதோ ஒரு பிடி உள்ளே இருந்திருக்க வேண்டும்.

3 ஜூன் 2024

அடர்த்தியும் வந்திருக்கிறது, நேற்று விட்டுவிட்டேன். கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம். 0.35 கூடலாம், குறையலாம்.

எனக்கு எதையும் யூனிட்டில் மாற்றினால்தான் மனத்தில் உட்காரும். நூறு கன அடி ஒரு யூனிட். ஒரு யூனிட் ஜல்லி டிப்பரில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினால் நாலேகால் டன் வாக்கில் காட்டும். அதே நூறு கன அடி இடைவெளியே இல்லாத கருங்கல் பாளமாக இருந்தால் ஏழரை டன்னுக்கு மேல். வித்தியாசம் அத்தனையும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் காற்று.

டிங்கினேஷில் ஒரு யூனிட் வெட்டி எடுத்தால் 6.8 டன். ஆனால் அதைக் கருங்கல்லோடு ஒப்பிடக் கூடாது. கல் வகைச் சிறுகோள்களிலிருந்து வரும் சாதாரண கோண்ட்ரைட் விண்கற்களில் இரும்பு கலந்திருக்கும், அவை கருங்கல்லைவிடக் கனம், 3.3க்குப் பக்கம். ஒரு யூனிட் ஒன்பது டன்னைத் தாண்டும். ஒன்பதுக்கு மேல் இருக்க வேண்டியது ஏழுகூட இல்லை என்றால், கால்பங்குக்கு மேல் உள்ளே வெற்றிடம்.

கவனி: ஜல்லிக் குவியலில் வெற்றிடம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். ஜப்பானின் ஹயபுசா போய்வந்த இடோகாவா சிறுகோளிலும் ஏறக்குறைய அப்படித்தான், அடர்த்தி 1.9. டிங்கினேஷ் பாளத்துக்கும் குவியலுக்கும் நடுவில் நிற்கிறது. பெரிய கல்லும் சின்னக் கல்லும் பொடியும் கலந்து, சந்து பொந்தெல்லாம் அடைபட்ட சரக்கு மாதிரி. சாலைக்கு அடியில் கொட்டி உருளை ஓட்டுவார்களே, அந்தக் கலவை.

3 ஜூன் 2024, இரவு

பொடிதான் பிடி என்று எனக்குத் தோன்றுகிறது. கிரஷரைச் சுற்றித் தூசு பறக்காமல் இருக்கத் தகரம் அடித்திருப்போம். அந்தத் தகரத்தில் கோடைக்காலத்தில், ஒரு துளி ஈரம் இல்லாத நாளிலும், மாவு போன்ற பொடி ஒரு விரல் கனத்துக்குச் செங்குத்தாக ஒட்டி நிற்கும். தட்டினால் தட்டாக விழும். பூமியின் முழு ஈர்ப்பு இழுக்கும்போதே அந்தப் பொடி தகரத்தை விடவில்லை. நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு ஈர்ப்பில் அந்த ஒட்டுக்கு எவ்வளவு பலம் இருக்கும்! பெரிய கற்களுக்கு நடுவே சிக்கிய நுண்பொடி சிறுகோளைக் கட்டிப்பிடித்து வைத்திருக்க முடியும் என்று ஆய்வாளர்களும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

9 ஜூன் 2024

ஒரு குவாரியில் நடந்தது. ஊர் வேண்டாம்.

கிழக்கு முகத்தில், மேல் விளிம்பிலிருந்து எட்டடி உள்ளே, ஒரு மயிரிழை விரிசல். மூன்று வருடமாக எனக்கு அது பழக்கம். வாரம் ஒருமுறை போய் ஒரு தீக்குச்சியைச் சொருகிப் பார்ப்பேன். போகவில்லை என்றால் நிம்மதி. மூன்றாவது வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு தீக்குச்சி தலைவரை போனது. அன்றே கீழே வேலையை நிறுத்தச் சொன்னேன். பதினொரு நாள் எதுவும் நடக்கவில்லை, என்னைத் திட்டாதவர் இல்லை. பன்னிரண்டாம் நாள், எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, முதலில் ஒரு விசில் மாதிரி சத்தம், பிறகு முகமே இறங்கியது. நாலு லாரி நிற்கும் இடம் மூடிப்போனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

தூசு அடங்கியதும் போய்ப் பார்த்தேன். பெயர்ந்த இடத்தில் வழவழப்பான ஒரு சாய்வு, அதில் செம்மண் தடவியதுபோல ஒரு படலம். உள்ளே எவ்வளவு ஆழத்துக்கு விரிசல் போயிருந்தது என்பதை அந்தச் செம்மண்தான் காட்டியது. டிங்கினேஷின் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவந்த சாய்வு நினைவுக்கு வருகிறது.

10 ஜூன் 2024

நேற்றைய ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. குவாரி முகத்தை இறக்கியது எடையும் மழைத்தண்ணீரும். டிங்கினேஷில் தண்ணீரும் இல்லை, எடையும் இல்லாத மாதிரிதான். அங்கே இழுத்தது கீழ்நோக்கி அல்ல, சுழற்சி வெளிப்பக்கமாக இழுத்தது. இப்போதைய 3.74 மணி நேரச் சுழற்சியில் நடுக்கோட்டில் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்குதான் கழிகிறது, கற்கள் நிலையாக இருக்கும். ஏறக்குறைய இரண்டே கால் மணிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை நெருங்கினால்தான் கல் கிளம்பும். எனவே அந்தக் காலத்தில் அது இதைவிட வேகமாகச் சுழன்றிருக்க வேண்டும். பொருளை உதறியதாலும், வெயிலே பிறகு எதிர்ப்பக்கம் திருகியதாலும் தணிந்திருக்கலாம்.

விரிசல் பொறுத்திருந்து ஒரே நாளில் விட்டது என்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

18 ஆகஸ்ட் 2024

"இந்த மாதிரிக் கல் நம் பக்கம் எங்காவது இருக்கிறதா" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. 2008 செப்டம்பர் 12ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விண்கல் விழுந்தது. கிடைத்த துண்டுகள் சேர்த்து 110 கிலோ வாக்கில். வகை எல்எல்6, அதாவது சாதாரண கோண்ட்ரைட்களில் இரும்பு குறைந்த பிரிவு. இடோகாவாவிலிருந்து ஹயபுசா 2010இல் கொண்டுவந்த துகள்கள் இதே எல்எல் வகையோடுதான் பொருந்தின. கல் வகைச் சிறுகோள்களும் சாதாரண கோண்ட்ரைட்களும் ஒரே குடும்பம் என்ற பழைய வழக்கு அதில்தான் தீர்ந்தது.

கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில் போய் வானத்துக் கல் விழுந்திருக்கிறது. அந்த வருடம் நான் வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன். பேருந்தில் மூன்று மணி நேரம்தான். போய்ப் பார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

19 ஆகஸ்ட் 2024

இன்னும் இரண்டு. 1861 ஏப்ரல் 17இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் 67 ஆசியா என்று பெயர். அதுவும் கல் வகை. 1988இல் காவலூர் வானாய்வகத்திலிருந்து ராஜமோகன் கண்டுபிடித்தது 4130 ராமானுஜன். ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து போகும் வழி. பள்ளியில் கேட்டு ஒரு தடவை போய்வா.

22 ஏப்ரல் 2025

லூசி நேற்று முன்தினம் அடுத்த கல்லைத் தாண்டியது: டொனால்ட்ஜோஹன்சன், லூசி எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவரின் பெயர். 960 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது. எட்டு கிலோமீட்டர் நீளம், கரி வகை. அதிலும் இரண்டு உருண்டைகள் தொட்டுக்கொண்டு! நடுவில் ஒரு கழுத்து.

இந்த முறை முதல் படத்தைப் பார்த்து நான் எதையும் தீர்மானிக்கவில்லை. கழுத்தை மட்டும் பெரிதாக்கி, நீளநீளமாக ஓடும் வரிகளைப் பென்சிலில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருக்கும். விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் சொல், அந்தச் சிவந்த சாய்வைக் காட்டுகிறேன். குவாரியை மூடிவிட்டார்கள், ஆனால் முகம் அப்படியே இருக்கிறது. சின்னச் சுத்தியல் என்னிடம் இருக்கிறது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வா.